டிக்கியில் ஒரு மாமா

"இன்னா சார், நடு ரோட்ல பந்தல் போட்டுகினு குந்திகினு கீற?"

ஏட்டு சின்னப்பன் கார் கண்ணாடியை லத்தியால் தட்டினார்.

உள்ளே இருந்த எபிக்கு வியர்த்துக் கொட்டியது. ஏ.சி. நின்று நாலு நிமிஷம். என்ஜின் நின்றும் அதே நாலு நிமிஷம்தான்.

தாம்பரம். ஜி.எஸ்.டி. ரோடு. காலை பத்தேகால். பின்னால் இரண்டு பஸ், ஒரு தண்ணி லாரி, எண்ணி மாளாத ஆட்டோக்கள்... எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஹாரனிலேயே எபியின் பரம்பரையை விசாரித்துக்கொண்டிருந்தன.

"ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது சார்."

"பெட்ரோல் கீதா?"

எபி முள்ளைப் பார்த்தான். அது அடிமட்டத்தில் படுத்துக்கிடந்தது.

"இல்ல சார். பங்க்குக்குத்தான் போய்க்கிட்டிருந்தேன்."

"சர்தான். நியூட்ரல்ல போடு. ஓரமா தள்ளிடலாம்."

சின்னப்பன் தங்கமான மனுஷன். தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, டிக்கி மேல் இரண்டு கைகளையும் வைத்து ஒரு தள்ளு தள்ளினார். வண்டி அசைந்தது. இன்னொரு தள்ளு.

டப்!

டிக்கி திறந்துகொண்டது.

சின்னப்பன் அதை அழுத்தி மூடப் பார்த்தார். மூடவில்லை. ஏதோ தடுத்தது. குனிந்து பார்த்தார்.

ஒரு கை...

கை முடிந்த இடத்தில் தோள். தோளுக்கு மேலே தலை. நெற்றியில் பளிச்சென்று நாமம். வழுக்கையில் காய்ந்துபோன ரத்தம்.

இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் சின்னப்பன் எத்தனையோ பிணங்களைப் பார்த்திருக்கிறார். ஆனால் தன் கையாலேயே ஒன்றைத் தள்ளிக்கொண்டு போனது இதுதான் முதல் தடவை. மெதுவாக முன்னால் நடந்து வந்தார்.

"சார்... வண்டி யார்து சார்?"

எபி மனப்பாடம் செய்து வைத்திருந்ததை அப்படியே ஒப்பித்தான்.

"எங்க மாமா வண்டி சார். பேரு பத்ரிநாராயணன்."

"மாமா இப்ப எங்க கீறாரு?"

"வீட்ல ரெஸ்ட் எடுக்கறார் சார்."

"நாமம் போட்டுகினு ஒர்த்தரு டிக்கில ரெஸ்ட் எடுக்கறாரு. அவர்தானான்னு கொஞ்சம் எறங்கி வந்து பாரு சார்."

எபி இறங்கினான். பார்த்தான். அலறினான். அந்த அலறலில் தண்ணி லாரிக்காரன்கூட ஹாரனை நிறுத்திவிட்டான்.

*

எபி என்கிற எபநேசரைப் பற்றி இந்த இடத்தில் நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

வயது முப்பத்தொன்று. சொந்த ஊர் நாசரேத் பக்கம். மஸ்கட்டில் ஏ.சி. மெஷின் மாட்டும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். பத்து நாள் லீவில் வந்தவன். ஒன்பது நாள் ஊரில் சொந்தக்காரர்கள் வீட்டு இடியாப்பத்தில் போய்விட்டது. பத்தாவது நாளான இன்று காலை சென்னை. சாயங்காலம் ஆறு மணிக்கு ஃப்ளைட்.

இடையில் பதினோரு மணிக்கு, பொழிச்சலூரில், ஆஷா.

ஆஷா ஒரு மெட்ரிகுலேஷன் ஸ்கூலில் சயின்ஸ் டீச்சர். போட்டோ பார்த்து, பிடித்து, ஆறு மாதமாக வெள்ளிக்கிழமை தவறாமல் போனில் பேசுகிறான். அந்தப் பேச்சில் அவன் சொன்னதெல்லாம் நிஜம். ஒன்றே ஒன்றைத் தவிர. மெட்ராஸில் உங்களுக்கு ஏதாவது இருக்கிறதா என்று அவள் விளையாட்டாகக் கேட்டபோது, வாய் சும்மா இராமல் "ஒரு கார் இருக்கு" என்று சொல்லித் தொலைத்துவிட்டான்.

ஆஷாவின் அப்பா சுவிசேஷமுத்து ரிடையர்ட் ஹெட்மாஸ்டர். விடைத்தாளில் ஒரு புள்ளி குறைந்தால் அரை மார்க்கைப் பிடுங்கிக்கொள்கிறவர். காரே குறைந்தால் என்ன செய்வார்? இந்தப் பெண் கைவிட்டுப் போனால் மஸ்கட் வெள்ளிக்கிழமைகளை என்ன செய்வது என்று எபிக்குத் தெரியவில்லை.

வாடகைக் கார் எடுக்கலாம். ஆனால் வாடகை வண்டிக்கு மஞ்சள் நம்பர் பிளேட். தெருமுனையில் திரும்பும்போதே குட்டு உடைந்துவிடும். வெள்ளை பிளேட் வண்டி வேண்டும். அதை வாடகைக்கு விடுவது சட்டப்படி குற்றம். அதனால் எல்லா ஊரிலும் கிடைக்கும்.

இரும்புலியூரில் கிடைத்தது. வேதாசலம் டிராவல்ஸ்.

"வெள்ளை பிளேட், ஓன் போர்டா? பொண்ணு பாக்கவா தம்பி?" என்றார் வேதாசலம். நெற்றி நிறைய விபூதி. முகம் நிறைய அன்பு.

"எப்படிங்க தெரிஞ்சுது?"

"ஷூவைப் பாத்தா தெரியாதா? இந்த மாசத்துல நீங்க அஞ்சாவது ஆளு."

வெள்ளை எஸ்டீம் கார் ஒன்றைக் காட்டினார். யாராவது நிறுத்திக் கேட்டால் வாடகை என்ற வார்த்தையே வாயில் வரக்கூடாது, மாமா வண்டி என்று சொல்ல வேண்டும், மாமா பேர் பத்ரிநாராயணன் என்று மூன்று தடவை சொல்லவைத்தார். பெண் பார்த்த கையோடு இதே வண்டியில் ஏர்போர்ட் போகலாம், பார்க்கிங்கில் விட்டுவிட்டுச் சாவியை டயர் மேல் வைத்துவிட்டு ஏறிவிடலாம் என்றார். டிக்கி லாக் கொஞ்சம் லூஸ், அதை மட்டும் தொட வேண்டாம் என்றார்.

"அட்வான்ஸ்?"

"வேணாம்."

"பாஸ்போர்ட் காப்பி?"

"எதுக்குங்க? மனுஷனுக்கு மனுஷன் நம்பிக்கைதான் முக்கியம். பெட்ரோல் மட்டும் போட்டுக்கங்க. பங்க் பக்கத்துலதான்."

மஸ்கட்டில் ஒரு கார் எடுக்க ஒன்பது இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஒருத்தன் பேப்பரை வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு கீறலையும் குறிப்பான். ஆனால் டாங்க்கை நிரப்பித்தான் தருவான். இங்கே அந்தக் கெடுபிடி எதுவுமே இல்லையே, நம்ம ஊர் ஜனங்கள் நம்ம ஊர் ஜனங்கள்தான் என்று எபி நெகிழ்ந்துபோனான்.

அடப்பாவி, நெகிழ்வதற்கு முன்னால் டிக்கியைத் திறந்து பார்த்திருக்க வேண்டாமா?

*

இன்ஸ்பெக்டர் வெண்ணிலா நிதானமாகப் பேனா மூடியைத் திறந்தாள்.

"பேர்?"

"எபநேசர் மேடம்."

"அப்பா?"

"சாமுவேல் தங்கராஜ்."

"மாமா?"

"பத்ரிநாராயணன்."

"எந்த வழியில மாமா?"

வேதாசலம் இந்தக் கேள்விக்கு டியூஷன் எடுக்கவில்லை.

"அம்மா வழி..."

"அம்மா பேர்?"

"கிரேஸ் மெட்டில்டா."

வெண்ணிலா பேனாவை மூடினாள். அவனையே பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். பரிதாபமாகப் பார்த்தாள்.

எபி உடைந்தான். ஷூ, ஆஷா, வெள்ளை பிளேட், வேதாசலம் என்று எல்லாவற்றையும் கொட்டினான். வெண்ணிலா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"ரசீது இருக்கா?"

"இல்ல மேடம்."

"அட்வான்ஸ் குடுத்தீங்களா?"

"வேணாம்னுட்டாரு."

"நீங்க அங்க நின்னதை யாராவது பாத்தாங்களா?"

"இல்ல..."

"ஆனா மாமா வண்டின்னு நீங்க சொன்னதை ஜி.எஸ்.டி. ரோடே கேட்டிருக்கு. செத்தவர் சட்டைப்பையில லைசென்ஸ் இருக்கு. அதே பத்ரிநாராயணன். பேங்க்ல வேலை பாத்து ரிடையர் ஆனவர். பிணத்தை டிக்கியில வெச்சுக்கிட்டு, சாயங்காலம் ஃப்ளைட் டிக்கெட்டைப் பாக்கெட்ல வெச்சுக்கிட்டு, செத்தவரை மாமான்னு சொல்றீங்க. கோர்ட்ல எனக்கு வேலையே இருக்காது மிஸ்டர் எபநேசர்."

எபியின் செல்போன் அடித்தது. ஆஷா!

எடுக்கச் சொல்லி வெண்ணிலா சைகை காட்டினாள்.

"எங்க இருக்கீங்க? மணி பதினொண்ணு இருபது. அப்பா வாசலுக்கும் உள்ளயுமா நடந்துக்கிட்டிருக்காங்க."

டிராஃபிக் என்று சொல்லத்தான் எபி வாயைத் திறந்தான். ஆனால் இன்றைக்குச் சொன்ன பொய்களே ஒரு ஆயுளுக்குப் போதும் என்று தோன்றியது.

"ஆஷா... எனக்குக் கார் கிடையாது. உன்கிட்ட பொய் சொல்லிட்டேன். இது வாடகை வண்டி. இதோட டிக்கியில ஒரு பொணம் இருக்கு. நான் போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கேன்."

மறுமுனையில் ஒரு டம்ளர் கீழே விழுந்து உருண்ட சத்தம்.

பிறகு ஆஷா கேட்டது அவன் கொஞ்சமும் எதிர்பார்க்காத கேள்வி.

"எந்த டிராவல்ஸ்?"

"இரும்புலியூர்... வேதாசலம் டிராவல்ஸ்."

"ஐயோ!" என்ற சத்தம். லைன் கட்டாகிவிட்டது.

முடிந்தது. அவ்வளவுதான். எபி போனை மேஜை மேல் வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டான். ஜெயிலைவிட அந்த ஐயோதான் அவனுக்கு அதிகமாக வலித்தது.

வெண்ணிலா அவனை அழ விட்டாள். அவள் கையில் இப்போது ஒரு கசங்கிய காகிதம். பத்ரிநாராயணன் சட்டைப்பையில் லைசென்ஸோடு இருந்தது.

"வண்டி எதனால நின்னுது?"

"பெட்ரோல் இல்ல மேடம்."

"போட்டுக்கச் சொன்னாரா வேதாசலம்?"

"ஆமா. பங்க் பக்கத்துலதான்னாரு."

அவள் அந்தக் காகிதத்தை இன்னொரு தடவை படித்தாள். பிறகு சின்னப்பனைக் கூப்பிட்டு, காதோடு ஏதோ சொன்னாள். சின்னப்பன் முகத்தில் ஒரு சிரிப்பு பூத்தது. மனுஷன் சல்யூட் வைக்கக்கூட மறந்துவிட்டு ஓடினார்.

*

வேதாசலம் வந்து நின்றார். விபூதியை இன்னொரு தடவை புதுசாகப் பூசியிருந்தார்.

"இவரைத் தெரியுமா?" என்றாள் வெண்ணிலா.

"ஜென்மத்துல பாத்ததில்ல மேடம்."

எபி துள்ளி எழுந்தான். "சார்! காலைல ஷூவைப் பாத்து..."

"யாருங்க இந்தத் தம்பி? பாவம், வெயில்ல அலைஞ்ச மாதிரி இருக்கு." வேதாசலம் நிஜமாகவே வருத்தப்பட்டார். தன்னிடம் இருப்பதெல்லாம் மஞ்சள் பிளேட் வண்டிதான் என்றார். ஓன் போர்டை வாடகைக்கு விடுவது சட்டவிரோதம் என்று இன்ஸ்பெக்டருக்கே எடுத்துச் சொன்னார். பத்ரிநாராயணனைத் தெருவில் பார்த்தால் வணக்கம் சொல்வதோடு சரி என்றார். அவர் செத்துப்போன சேதியை ஏட்டு சொல்லித்தான் கேள்விப்பட்டாராம். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, நீங்க போகலாம்."

வேதாசலம் கும்பிட்டார்.

"ஒரு சின்ன உதவி" என்றாள் வெண்ணிலா. "அந்த எஸ்டீம் நம்ம காம்பவுண்டுலதான் நிக்குது. ஜீப்பு வெளிய வர வழியில்ல. எங்க ஆளுங்களுக்கு ஜீப்பைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. நீங்க இருபது வருஷமா வண்டியோடயே இருக்கறவர். கொஞ்சம் பின்னாடி எடுத்து விட்டுட்டுப் போங்க."

சாவியை நீட்டினாள். வேதாசலம் வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். கார் அருகில் நின்றார். கதவைத் திறக்கவில்லை. தொழில்காரர் அல்லவா, திரும்பிச் சின்னப்பனைக் கூப்பிட்டார்.

"ஏட்டய்யா, ரெண்டு பேர் வாங்க. தள்ளத்தான் வேணும். பெட்ரோல் இருக்காது."

சின்னப்பன் நகரவில்லை, இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

வெண்ணிலா மெதுவாகப் படியிறங்கி வந்தாள்.

"இருக்காதுன்னு யார் சொன்னா?"

"இல்ல... சும்மா... ஒரு இதுக்கு..."

"வண்டியில பிணம் இருந்துதுன்னு மட்டும்தான் ஏட்டு உங்ககிட்ட சொன்னார். வண்டி எப்படி நின்னுதுன்னு யாருமே சொல்லல. அதை இங்க கொண்டுவர்றதுக்கு ரெண்டு லிட்டர் ஊத்தி ஓட்டிட்டுத்தான் வந்தோம்." காகிதத்தை அவர் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். "இது பங்க் பில். நேத்து சாயங்காலம் ஆறரை மணி. இதே வண்டி. ஃபுல் டாங்க்! பங்க்ல இருந்து உம்ம ஷெட்டு ஒண்ணரை கிலோமீட்டர். மீதி எங்கேய்யா?"

வேதாசலத்தின் விபூதி வியர்வையில் கரைய ஆரம்பித்தது.

சின்னப்பன் முன்னால் வந்தார். கையில் ஈரமான ரப்பர் டியூப். "இவரு விபூதி பூசிக்கப் போன கேப்புல ஷெட்டைப் பாத்தேன் மேடம். ரெண்டு கேன் ரொம்பி வழியுது. ஓரமா ஜாக்கி ஒண்ணு கீது. அதுல ரத்தம்."

அவ்வளவுதான். வேதாசலம் தரையில் உட்கார்ந்துவிட்டார். உண்மை தானாகவே வந்தது.

பத்ரிநாராயணன் ஆறு மாதத்துக்கு முன்னால் அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போகும்போது, வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து வைக்கச் சொல்லி வண்டியை வேதாசலத்திடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். வேதாசலம் ஸ்டார்ட் செய்தார். நிறுத்தத்தான் இல்லை. அந்த வண்டியில் போய் ஊரில் பதினேழு பேர் பெண் பார்த்திருக்கிறார்கள். நேற்று திரும்பி வந்த பத்ரிநாராயணன் வண்டியை எடுத்துக்கொண்டு, திருப்பதி போக டாங்க்கை நிரப்பியிருக்கிறார். பின்சீட்டில் யாரோ ஒரு மணப்பெண்ணின் ஜிமிக்கி கிடந்திருக்கிறது. மீட்டரைப் பார்த்தால் கிலோமீட்டர் ஆயிரக்கணக்கில் ஏறியிருந்திருக்கிறது. நேராக ஷெட்டுக்குத் திரும்பி வந்து, போலீஸுக்குப் போவேன் என்று கத்தியிருக்கிறார். வேதாசலம் ஒரு தள்ளு தள்ள, ஜாக்கி மேல் தலை.

"காலைல என்ன செய்யறதுன்னு தெரியாம நின்னப்ப, இந்தத் தம்பி ஷூ போட்டுக்கிட்டு வந்தாரு மேடம். ஆண்டவனே அனுப்பி வெச்ச மாதிரி இருந்துச்சு."

"நல்ல பிளான்தான்யா. டாங்க்கை அப்படியே விட்டிருந்தா இவர் ஏர்போர்ட்ல நிறுத்திட்டு மஸ்கட் போயிருப்பார். பிணம் நாத்தம் எடுக்கறப்ப, மாமா வண்டின்னு சொன்னவனைத்தான் உலகம் பூரா தேடியிருப்போம். உயிர் போற நேரத்துல பெட்ரோலை ஏன்யா உறிஞ்சினே?"

வேதாசலம் தலையில் அடித்துக்கொண்டார்.

"வாடகைக்குப் போற வண்டியை டாங்க் நிறைய அனுப்பறதா? இருபது வருஷமா அந்தப் பழக்கமே இல்லையே மேடம்... கை கேக்கல!"

*

சின்னப்பன் அவரை உள்ளே இழுத்துக்கொண்டு போனபோது, வேதாசலம் திரும்பி முனகினார்.

"மேடம், ஒரு நீல சான்ட்ரோ கார் பொழிச்சலூர் போயிருக்கு. சாயங்காலம் யாராவது அதை வாங்கி வெச்சுடுங்க."

எபி நிமிர்ந்தான்.

"பொழிச்சலூர்ல யாரு?"

"ரிடையர்ட் ஹெட்மாஸ்டர் ஒருத்தர் தம்பி. சுவிசேஷமுத்துன்னு பேரு. ஃபாரின் மாப்பிள்ளை பொண்ணு பாக்க வர்றாராம். போர்ட்டிகோ காலியா இருந்தா நல்லா இருக்காதுன்னு, சும்மா நிறுத்தி வெக்க எடுத்துக்கிட்டுப் போனாரு."

ஆஷாவின் ஐயோ எதற்கு என்று எபிக்கு இப்போதுதான் புரிந்தது.

பகல் ஒரு மணிக்குப் பொழிச்சலூரில் அந்த வீட்டு வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. வெண்ணிலா இறங்கினாள். பின்னால் மாப்பிள்ளையும் சின்னப்பனும். போர்ட்டிகோவில் நீல சான்ட்ரோ கழுவித் துடைத்துப் பளபளவென்று நின்றது. சுவிசேஷமுத்து கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் அதன் பக்கத்திலேயே நின்றார். போனில் கேட்டதை ஆஷா அவரிடம் இன்னும் சொல்லவில்லை என்று தெரிந்தது.

"இந்த வண்டி யாரோடது சார்?"

முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளை ஒப்பிக்க வைத்த மனுஷன், இப்போது தானே ஒப்பித்தார்.

"என் மச்சினன் வண்டி மேடம். பேரு... பல்பீர் சிங்."

"டிக்கியைத் திறங்க."

"அது... லாக் கொஞ்சம் லூஸு. தொடக்கூடாதுன்னு..."

எபி இரண்டடி பின்னால் நகர்ந்தான். ஜன்னலில் ஆஷாவின் அம்மா ஜெயசீலி ஜெபம் பண்ண ஆரம்பித்துவிட்டார். வெண்ணிலாவே திறந்தாள்.

ஒரு ஸ்டெப்னி. ஒரு காய்ந்த எலுமிச்சம்பழம். வேறொன்றும் இல்லை.

சுவிசேஷமுத்து அப்படியே படியில் உட்கார்ந்தார். பிட் அடித்து மாட்டிக்கொண்ட பையனைப் போலத் தலை கவிழ்ந்திருந்தது.

"தப்புதான். தம்பி ஃபாரின்ல இருக்காரு, சொந்தமா கார் வெச்சிருக்காரு. கார்கூட இல்லாத வீட்டுல போய் எப்படிப் பொண்ணு எடுக்கறதுன்னு நினைச்சுடுவாரோன்னு..."

எபிக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"எனக்கும் கார் இல்ல மாமா."

காலையிலிருந்து எத்தனையோ தடவை மாமா மாமா என்று சொல்லிவிட்டான். இந்த ஒரு தடவைதான் அது சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்தது. சுவிசேஷமுத்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

வெண்ணிலா சான்ட்ரோவில் ஏறிச் சாவியைத் திருகினாள். அது இருமியது. இன்னொரு தடவை இருமியது. அடங்கிவிட்டது.

"தள்ளத்தான் வேணும் மேடம்" என்றார் சின்னப்பன்.

மாமனாரும் மருமகனும் எழுந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஆளுக்கு ஒரு பக்கம் நின்று தள்ள ஆரம்பித்தார்கள். காப்பித் தட்டோடு வாசலுக்கு வந்த ஆஷா சிரிப்பை அடக்க முடியாமல் நிலைப்படியில் சாய்ந்துகொண்டாள். எபி மூச்சு வாங்க நிமிர்ந்து, முதல் முறையாக அவளை நேரில் பார்த்தான்.

அவள் சொன்னாள்: "கல்யாணத்தன்னிக்கு நாம சர்ச்சுக்கு ஆட்டோவுலயே போயிடலாங்க. அதுக்கு டிக்கியே கிடையாது!"